பெட்டிக்குள் பெட்டி வைத்த எழில்மதி

வடக்கனந்தலில் எழில்மதியின் தாய் குஞ்சம்மாளிடம் யாராவது, "பொண்ணு இன்னா வேல பாக்குது?" என்று கேட்டால் அவர் தயங்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல பொட்டி போடுது." கேட்டவர் விழித்தால் விளக்கமும் உண்டு. "ஆஸ்பத்திரில, ஆபீசுல பேரு ஊரு கேப்பாங்கல்ல? அத்த எழுதுறதுக்குப் பொட்டி. அந்தப் பொட்டி எம்பொண்ணு போட்டதுதான்."

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு குறை உண்டு. அந்தப் பெட்டிகளுக்குள்ளே வேறு பெட்டிகள் இருப்பதை அது சொல்வதில்லை. எழில்மதியின் வாழ்க்கையில் நான் எழுதத் துணிந்த பகுதி முழுவதும் அந்த உள்பெட்டிகளைப் பற்றியதுதான்.

எழில்மதியின் பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். நிலம் இல்லை. எழில்மதி கள்ளக்குறிச்சியில் கணினி அறிவியல் படித்து முடித்த கையோடு, சேலம் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியில் வெங்கடேசன் நடத்திவரும் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். கீழிருந்து யூரியா வாசனை எப்போதும் மேலே வந்துகொண்டிருக்கும் அந்த அறையில், பிறர் எழுதிய நிரல்களைப் படித்துப் படித்தே தாமும் எழுதக் கற்றார். சில ஆண்டுகளில் அலுவலகத்தின் முக்கால்வாசி வேலை அவர் கைக்கு வந்துவிட்டது.

அந்த வேலைகளில் ஒன்று, கல்வராயன் மலையில் கர்ப்பிணிகளுக்காக ஜீப் ஓட்டும் ஓர் அறக்கட்டளையின் பதிவுப் படிவம். அந்த அறக்கட்டளையின் பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்தும் பணியில் அப்போது நான் இருந்தேன். அதனால் அந்த மாடி அறைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. நடந்தவற்றில் பெரும்பாலானவற்றை நேரிலேயே பார்த்தேன்.

மலையில் ஜீப்பை அழைக்கும் முறை தனித்தன்மை உடையது. பேசுவதற்குப் போதுமான சிக்னல் பல இடங்களில் கிடையாது. 'ஹலோ' என்பதற்குள் பேச்சு அறுந்துவிடும். அதனால் யாரும் பேச முயல்வதே இல்லை. வலி கண்டதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்து ஓட்டுநரின் கைபேசித் திரை, அழைத்தது எந்தக் குடும்பம், அவர்கள் இருப்பது எங்கே என்று காட்டும். கரியாலூரில் நிற்கும் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் தங்கதுரை கிளம்பிவிடுவார். ஒரு சொல்கூடப் பேசாமல் ஓர் உயிர் இன்னோர் உயிரிடம் ஒப்படைக்கப்படுகிறது. இடையில் நிற்பது எழில்மதியின் படிவம் மட்டும்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மழை நாளில், அந்தப் படிவம் பொய்த்துப் போயிற்று. சடையன் என்பவர் தம் மனைவி செல்லியம்மாளின் முதல் பிரசவத்துக்கு மிஸ்டு கால் கொடுத்தார். தங்கதுரையின் திரையில் பெயர் வந்தது. இருப்பிடம் வெற்றாக இருந்தது. அவர் விசாரித்துக் கொண்டு போய்ச் சேர்வதற்குள் குழந்தை வீட்டிலேயே பிறந்துவிட்டது. செல்லியம்மாளுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாயை மீட்கத்தான் ஆஸ்பத்திரியில் பல நாள் பாடுபட்டார்கள். அடுத்த பிரசவம் என்று ஒன்று வந்தால் அது ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும், வீட்டில் நடந்தால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சீட்டில் எழுதியே கொடுத்தார்.

அந்த வெற்றிடத்துக்குக் காரணம், அதற்குச் சில வாரங்கள் முன்பு எழில்மதி செய்த ஒரு மாற்றம் என்பது பின்னர் தெரிந்தது. ஒரே குடும்பத்தில் இரண்டு மருமகள்கள் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருந்து, தனித்தனி வீடுகளில் வசிக்கக்கூடும். அதனால் குடும்பத்துக்குள் இருந்த 'இருப்பிடம்' என்ற பெட்டியை எடுத்து, குடும்பத்துக்குள் இருக்கும் 'தாய்' என்ற பெட்டிக்குள் வைத்திருந்தார். மாற்றம் சரியானதுதான். ஆனால் ஓட்டுநரின் திரை, இருப்பிடத்தைப் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய ஒரு தகவலை நிரலில் கேட்க வேண்டுமானால், வழியை முழுவதும் சொல்லிக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்படும் அந்த வழியைத் தமிழில் எழுதினால், "குடும்பம்.தாய்.இருப்பிடம்.ஊர்" என்று இருக்கும். மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் இந்தச் சரம், கணினியைப் பொறுத்தவரை வெறும் எழுத்துகள். பெட்டியை இடம் மாற்றிய பிறகும் பழைய வழியில் போய்க் கேட்டால் கணினி சண்டை போடாது, எச்சரிக்காது, அங்கே ஒன்றும் இல்லை என்று வெற்றிடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும்.

எழில்மதி அப்போது ஓட்டுநர் திரையில் அந்த வரியைத் திருத்தினார். கள்ளக்குறிச்சியில் சோதித்துப் பார்த்தார். ஊர் வந்தது. பிழை தீர்ந்தது என்று எல்லாரும் நம்பினார்கள்.

சென்ற ஆண்டு புரட்டாசியில், அறக்கட்டளையின் செவிலியர் செந்தமிழ்ச்செல்வி மாடிப்படி ஏறி வந்தார். மலை முழுக்கப் படிவத்தை நிரப்புகிறவர் அவர்தான்.

"எழிலு, உன் பொட்டி பத்தல" என்றார், உட்காருவதற்கு முன்பே.

"இன்னாக்கா ஆச்சு?"

"செல்லியம்மா மறுபடியும் முழுகாம இருக்கா. போயி ஊர்ல வூட்டத் தட்டுனா பூட்டிக் கெடக்கு. மரவள்ளி புடுங்குற சமயம், குடும்பத்தோட காட்டுக் கொட்டாய்ல கெடக்காங்க. மலைமேல பாதிப் பேரு அப்படித்தான். ஊர்ல ஒரு வூடு, காட்டுல ஒரு கொட்டாய். நீ ஒரே ஒரு பொட்டி குடுத்தா நான் எத்த எழுதறது?"

"ரெண்டும் எழுதற மாதிரி வேணும்."

"ரெண்டும் எழுதணும். இப்ப எதுல இருக்காங்கன்னு டிக்கு போடணும். மழ ஜாஸ்தி ஆவறதுக்குள்ள குடுத்துடு தாயி. அவளுக்கு ஐப்பசி கடைசில நாளு."

செல்லியம்மாள் என்ற பெயரைக் கேட்டதும் எழில்மதியின் முகம் இறுகியதைப் பார்த்தேன். இருப்பிடம் என்ற பெட்டியை மறுபடியும் மாற்ற வேண்டும். ஒற்றைப் பெட்டி, பெட்டிகளின் வரிசையாக வேண்டும். அதே பெண், அதே பெட்டி, அதே கை.

செவிலியர் போனதும் வெங்கடேசனிடம் சொன்னார்: "அண்ணா, இத்த இப்படியே மாத்த மாட்டேன். மொத்தத்தையும் டைப்ஸ்கிரிப்டுங்கற மொழிக்குக் கொண்டாரணும். எந்தப் பொட்டிக்குள்ள எது இருக்குன்னு ஒரு எடத்துல எழுதி வெச்சிட்டா, தப்பான வழி எழுதுனா எழுதும்போதே சிவப்பு காட்டும்."

"ஓடிகினு இருக்கறத எதுக்கும்மா நோண்டற? ரெண்டு பொட்டி கூடப் போடு, முடிஞ்சிது."

"ஓடிகினுதான் இருந்துச்சு அன்னிக்கும்."

வெங்கடேசன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "நீ எது எழுதுனாலும் குத்தம் சொல்லிகினே பக்கத்துல ஒருத்தி உக்காந்திருப்பா, அதான? ஒனக்கு மாமியா வேணும்னா கல்யாணம் பண்ணிக்க. கம்ப்யூட்டர்ல எதுக்கு வெக்கிற?" என்றார்.

"இந்த மாமியா வாயத் தொறந்தா பொய் சொல்லாதுண்ணா."

"சரி. மழைக்குள்ள முடியலன்னா மாமியாளும் மருமவளும் சேந்து செல்விக்குப் பதில் சொல்லுங்க."

அடுத்து வந்த நாள்களில் நான் பார்த்ததை எப்படி விவரிப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. எழில்மதி படிவத்தின் வடிவத்தை ஒரே ஒரு கோப்பில் எழுதினார். குடும்பம் என்றால் அதற்குள் என்னென்ன. தாய் என்றால் அதற்குள் என்னென்ன. எது எழுத்து, எது எண், எது வரிசை. அதில் ஒரு பெண்ணின் பெயரோ ஓர் ஊரின் பெயரோ கிடையாது. வெறும் கூடு. அந்தக் கூட்டிலிருந்து, செல்லத்தக்க வழிகள் அனைத்தையும் தானே வருவித்துக்கொள்ளும்படி ஒரு சிறிய விதியை எழுதினார்: ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் எடு, அதற்குள் பெட்டி இருந்தால் ஒரு புள்ளி வைத்து உள்ளே இறங்கு, அங்கும் இதையே செய். நான்கைந்து வரிகளுக்கு மேல் இல்லை. இனி மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் எந்த வழியும் அந்தப் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

அந்த விதியை முதல் முறை எழுதி முடித்ததும், வெங்கடேசன் மாமியார் என்று கேலி செய்த அந்தச் சரிபார்ப்பான் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது. இறங்கும் ஆழம் அளவு மீறுகிறது, ஒருவேளை முடிவே இல்லாமல் இருக்கலாம் என்பது அதன் பொருள்.

"இன்னா கோவம் ஒனக்கு?" என்று திரையைக் கேட்டார் எழில்மதி. அவருக்கு அது வழக்கம்.

காரணத்தை அவரே கண்டுபிடித்துக் காட்டினார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள உறவினர் ஒருவரை ஒவ்வொரு குடும்பத்திலும் பதிவார்கள். அந்த உறவினரும் மலையில் பதிவான இன்னொரு குடும்பம்தான். அதனால் குடும்பத்துக்குள் உறவினர், உறவினருக்குள் ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துக்குள் இன்னோர் உறவினர் என்று வடிவம் எழுதப்பட்டிருந்தது. இறங்கினால் தரையே வராது. மலையை ஒருநாளும் பார்த்திராத, ஒரு பதிவையும் திறந்து படிக்காத ஒன்று, கூட்டை மட்டும் தடவிப் பார்த்து, இதற்கு அடி இல்லை என்று சொல்லியிருக்கிறது. எழில்மதியோ சாதாரணமாக, "ஆமா, மலையில எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அதுக்கு எங்க முடிவு?" என்று சிரித்தபடி, உறவினரின் முழுக் குடும்பத்தையும் உள்ளே வைக்காமல் அந்தக் குடும்பத்தின் பதிவு எண்ணை மட்டும் வைத்தார். சரிபார்ப்பான் அமைதியானது.

பிறகு இருப்பிடத்தை வரிசையாக மாற்றினார். வடிவக் கோப்பில் ஒரே ஒரு வரி.

அந்த நொடியில் திரையின் ஓரத்தில் இருந்த கோப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பதிவுப் பக்கம் சிவந்தது. திருத்தும் பக்கம் சிவந்தது. அச்சிடும் பக்கம், மாத அறிக்கை, ஓட்டுநரின் திரை. நிரலை யாரும் ஓட்டவில்லை. யாரும் ஒரு பெட்டியையும் நிரப்பவில்லை. எழுதி வைத்த எழுத்துகளை அப்படியே படித்து, 'இந்த வழி இனி எங்கும் போகாது' என்று ஒவ்வோர் இடத்திலும் அது கோடு போட்டுக்கொண்டே போயிற்று. வெங்கடேசன்கூட எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"இத்தினியும் நாம கண்ணால தேடியிருக்கணுமா?" என்றார் மெதுவாக.

"தேடிப் பாதி கண்டுபுடிச்சிருப்போம். மீதிய மலையில யாராவது கண்டுபுடிச்சிருப்பாங்க."

சிவந்த வரிகளை எழில்மதி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தார். இருப்பிடத்துக்குப் பிறகு, வரிசையில் எத்தனையாவது என்ற எண், அதன் பிறகு ஊர். ஒன்றைத் திருத்தினால் ஒரு சிவப்பு மறையும். கடைசியில் ஒரு கோப்பு எஞ்சியது. அதைத் திறந்தவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இணையம் கிடைக்காத இடத்தில் ஓட்டுநரின் கைபேசி தன்னுள் சேமித்து வைத்த நகலிலிருந்து தகவலைக் காட்டும். அந்தப் பகுதிக்கான நிரல் அது. அதில் இருந்த வழி, இப்போது மாற்றிய வழிகூட அல்ல. அதற்கும் முந்தியது: "குடும்பம்.இருப்பிடம்.ஊர்". இரண்டு ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை.

எழில்மதி உடனே தங்கதுரைக்குப் போன் செய்தார். நல்வாய்ப்பாக அவர் அன்று கள்ளக்குறிச்சிக்கு டயர் மாற்ற வந்திருந்தார்.

"அண்ணா, செல்லியம்மா மொத பிரசவத்தன்னிக்கு ஊரு வரலன்னு சொன்னீங்கல்ல? அப்ப நெட்டு இருந்துச்சா?"

"மழ நாள்ல மலையில எங்கம்மா நெட்டு? போன் மணி அடிக்கறதே பெருசு."

"நெட்டு இல்லாதப்ப எப்பவுமே ஊரு வராதா?"

"வராதே. நெட்டு இல்லன்னா ஊரு வராது, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான? வளைவு மேட்டுக்கு வண்டிய ஓட்டிகினு போவேன், அங்க சிக்னல் கோடு ரெண்டு வரும், ஊரு தெரியும், அப்புறம் திரும்பி வருவேன்."

"இத்த ஏண்ணா யார்கிட்டயும் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது? மலைன்னா அப்படித்தான்."

எழில்மதி போனை வைத்தார். அந்த மழை நாளின் உண்மையான பிழை, திருத்தப்பட்டுவிட்டதாக நாங்கள் நம்பிய பிழை, அதே இடத்தில் அப்படியே இருந்திருக்கிறது. கள்ளக்குறிச்சியில் எத்தனை முறை சோதித்தாலும் அந்த வரி ஓடாது. இங்கே இணையம் எப்போதும் இருக்கிறது. மலையில் ஒவ்வொரு மழைக்கும் அது ஓடியது. ஆனால் மலைக்காரர்கள் அதைப் பிழை என்றே நினைக்கவில்லை. சிக்னல் இல்லாத வாழ்க்கைக்கு அவ்வளவு பழகியிருந்தார்கள். சமவெளியில் இருந்தவர்கள் பார்க்க முடியாததை, மலையில் இருந்தவர்கள் பார்த்தும் பொருட்படுத்தாததை, இரண்டு இடத்துக்கும் போகாத ஒன்று கண்டு சொல்லியிருக்கிறது.

எழில்மதி அந்த வரியைத் திருத்தினார். பிறகு சோதனைக் கைபேசியின் இணையத்தை அணைத்துவிட்டு, செல்லியம்மாளின் எண்ணைத் தேடினார். ஊர் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மழைக்கு முன்பே புதிய படிவம் மலைக்குப் போயிற்று. செந்தமிழ்ச்செல்வி காட்டு வழியே நடந்து போய், செல்லியம்மாளின் இரண்டாவது இருப்பிடத்தை நிரப்பி டிக்கு போட்டார். கொட்டாய்க்குக் கதவு எண் ஏது? 'கரியாலூர் ரோட்டில் இரட்டைப் பலா, வலது பக்கம் இறக்கம், தகரக் கூரை' என்று எழுதினார்.

ஐப்பசியில், மூடுபனி இறங்கிய ஒரு பிற்பகலில், சடையனின் எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தது. இணையம் இல்லை. தங்கதுரை பழக்கத்தில் வண்டியை வளைவு மேட்டுப் பக்கம் திருப்பியிருக்கிறார். திரும்பும்போது திரையைப் பார்த்தாராம். இரட்டைப் பலாவும் தகரக் கூரையும் அதில் இருந்தன. "நெட்டே இல்லாம ஊரு காட்டுது, எனக்குப் பயமா போச்சு. பிரேக்க மிதிச்சி வண்டிய அப்படியே திருப்புனேன்" என்று பிறகு சொன்னார். வளைவு மேட்டுக்குப் போய் வந்திருந்தால் சற்று நேரத்தில் அந்த வழியில் சரிந்த மண் அவரை அந்தப் பக்கமே நிறுத்தியிருக்கும்.

எழில்மதிக்கு இது எதுவும் அன்று தெரியாது. மறுநாள் காலை, கீழே இணையம் கிடைக்கும் இடத்தில் செவிலியர் பதிந்த பிறகுதான் விவரம் வந்து சேர்ந்தது. செல்லியம்மாள், ஆஸ்பத்திரி, பெண் குழந்தை. சற்று நேரத்தில் செந்தமிழ்ச்செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். எழில்மதி ஸ்பீக்கரில் போட்டார்.

"இந்த வாட்டி ரத்தம் கம்மிதான், நின்னுடுச்சு. ஒரு மணி நேரம் தாமசமாயிருந்தா கையில புடிச்சிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. இரு, அவளே பேசணுங்கறா."

செல்லியம்மாளின் குரல் களைத்திருந்தது. "நீங்கதான் பொட்டி போடறவங்களாங்க?"

"ஆமாங்க."

"எத்தினி பொட்டிங்க போட முடியும்? ஊரு ஒண்ணு, கொட்டாய் ஒண்ணு எழுதிட்டாங்க. நான் இப்ப எங்க அம்மா வூட்டுக்குப் போறேன், மூணு மாசம் அங்கதான். அத்த எங்க எழுதறது?"

எழில்மதி சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. "கீழ 'இன்னொன்று சேர்'னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க. செல்விக்காவ அழுத்தச் சொல்லுங்க. எத்தினி வூடு இருந்தாலும் எழுதலாம்."

மறுமுனையில் ஏதோ பேச்சு. பிறகு செவிலியர்: "அழுத்திட்டேன். வந்துடுச்சு. பேரு எழுதறேன், இரு."

வெங்கடேசன் எட்டிப் பார்த்து, "எழிலு, மாமியா ஏதாவது சொல்றாளா?" என்றார்.

எழில்மதி நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆனாலும் சரிபார்ப்பானை ஒரு முறை ஓட்டினார். கோப்புப் பெயர்கள் எல்லாம் வெள்ளையாகவே நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல்லியம்மாளின் பதிவில் மூன்றாவது இருப்பிடம் வந்து இறங்கியது. ஓட்டுநரின் திரைக்கும் போய்ச் சேர்ந்தது.